நடுங்காத பெட்டி

குருகுலமெல்லாம் மலையேறிப் போச்சு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடம், லிப்டில் ஏறினால் ஏழாவது மாடி, அங்கே ஒன்று இன்னும் நடக்கிறது. கடையில் நாம் போனைக் காட்டிப் பணம் போட்டதும், "ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்று கத்துமே சவுண்ட் பாக்ஸ், அதைச் செய்கிற கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவு அது.

குருவின் பெயர் நப்பின்னை, வயது முப்பத்தாறு. சிஷ்யர் குலசேகரனுக்கு நாற்பத்தொன்பது. இருபது வருஷம் ஸ்பீக்கர் பாக்டரியில் குப்பை கொட்டிய மனுஷன். வயதில் சின்னவளிடம் போய்க் கைகட்டி நிற்பதா என்று வீட்டில் கேட்டார்கள். "அந்தம்மா யோசிக்கறத ஒரு நாள் பக்கத்துல இருந்து பாருங்க, அப்புறம் பேசுங்க" என்றார் குலசேகரன்.

இப்போது அந்தம்மாவின் மேல்தான் அவருக்கு வருத்தம்.

பழைய பெட்டி பேசும்போது கிடுகிடுவென்று நடுங்கும். மேஜையிலிருந்து நகர்ந்து கீழே விழுந்த பெட்டிகள் உண்டு. அந்த நடுக்கத்தை ஒழிக்க ரெண்டரை வருஷம் சோறு தண்ணி மறந்து உழைத்தார் குலசேகரன். ஒழித்தும் விட்டார். புதுப் பெட்டி பேசும்போது மேலே ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் ஒரு வளையம்கூட எழும்பாது. இனி நப்பின்னை ஒரு கையெழுத்துப் போட வேண்டும். இன்று நாலு மணிக்குள் அந்தப் படிவம் தொழிற்சாலைக்குப் போகாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள். குலசேகரனுக்கு ஒப்பந்த வேலை. திட்டம் மூடினால் அவரும் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

படிவமோ ஒரு வாரமாக நப்பின்னையின் மேஜையில் கிடக்கிறது.

மணி பதினொன்று ஆனதும் குலசேகரன் பொறுமை இழந்து உள்ளே போனார்.

"மேடம், என் பெட்டியில என்ன குறை?"

"ஒரு குறையும் தெரியல சார்."

"அப்புறம் ஏன் கையெழுத்து விழல?"

நப்பின்னை ஜன்னலைப் பார்த்தார். "வெயில் கொளுத்துது. இளநீர் குடிக்கலாமா?"

குலசேகரனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இங்கே ஒருத்தன் பிழைப்பு ஊசலாடுகிறது, இந்தம்மாவுக்கு இளநீர் கேட்கிறதே! ஆனாலும் பின்னாலேயே போனார். போகிற வழியில் நப்பின்னை புதுப் பெட்டி ஒன்றை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்ததும் குலசேகரனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

சிங்காநல்லூர் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் இளநீர் வண்டி. கடைக்காரர் மாசாணம், கருத்துத் திரண்ட ஆள். ஒரு கையில் அரிவாள், ஒரு கையில் காய். சவுண்ட் பாக்ஸை ஒரு பழைய துண்டால் சுற்றித் தன் வயிற்றோடு இறுக்கிக் கட்டியிருந்தார்.

"களவு போயிரும்னு பயம் போல" என்று சிரித்தார் குலசேகரன்.

நப்பின்னை கடைக்காரரிடம் போய்ப் புதுப் பெட்டியைக் காட்டினார், மாற்றிக் கட்டுவதுபோல் சைகை காட்டினார். மாசாணம் தலையாட்டினார். நப்பின்னை தன் போனில் அவர் கணக்கைப் புதுப் பெட்டிக்கு மாற்றினார். குலசேகரனே முன்னால் போய், தன் கையாலேயே, பிள்ளைக்கு அரைஞாண் கட்டுகிற பிரியத்தோடு அதைக் கட்டிவிட்டார். "எப்படி இருக்கு? லேசா இருக்கா?" என்று கேட்டார். மாசாணம் சிரித்தார், அவ்வளவுதான். கூச்ச சுபாவம் போல என்று நினைத்துக்கொண்டார் குலசேகரன்.

பைக்கில் வந்த ஒரு பையன் இளநீர் குடித்து முடித்து, போனை நீட்டிப் பணம் போட்டான். "ஐம்பது ரூபாய் பெறப்பட்டது." அடடா, என்ன குரல்! கோயில் மணி மாதிரி கணீரென்று தெருக்கோடி வரை கேட்டது. குலசேகரனுக்குப் பெருமையில் நெஞ்சு விம்மிற்று.

மாசாணம் அப்படியே நின்றார். பையன் வண்டியைக் கிளப்பினான். மாசாணம் எட்டி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார், வரவில்லை என்று தலையை ஆட்டினார்.

"போட்டாச்சுங்ணா!"

மறுபடியும் தலையாட்டல். பிடியை விடவில்லை.

"ஊருக்கே கேக்கற மாதிரி கத்துச்சே, காது என்ன செவிடா?"

"ஆமாங் தம்பி, செவிடுதான்."

தண்ணீர்க் குடத்தோடு வந்த மாசாணத்தின் மனைவி தெய்வாத்தாள்தான் சொன்னது. பையன் முகம் செத்துப்போயிற்று. தெய்வாத்தாள் ஜாடை காட்ட, மாசாணம் பிடியை விட்டதும் வண்டியைக் கிளப்பிப் போய்விட்டான்.

தெய்வாத்தாள் குடத்தை இறக்கிவிட்டுப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். "இது எங்குளுது இல்லீங்களே. எதுக்குங் மாத்துனீங்க? இது உசுரில்லாமக் கெடக்குது."

குலசேகரன் குனிந்து, தான் கட்டிய முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

"பழசு நல்லா அதிருமுங்" என்றாள் தெய்வாத்தாள். "வாங்குன புதுசுல அது மேல கைய வெச்சுட்டே உக்காந்திருந்தாருங். ஏன்யா இப்படிப் பண்றேன்னு பாத்தா, அதுல ஒரு கணக்கு இருக்குதுன்னு காட்டுனாரு. அப்பறம் தெனமும் காத்தால, யேவாரத்துக்கு முந்தி, நான் என்ற போன்ல இருந்து ஒரு ரூவா போடுவேன், ஒரு வெரல் காட்டுவேன். ரெண்டு ரூவா போடுவேன், ரெண்டு வெரலு. ஆறு மாசமுங். ரெண்டு கையிலயும் வேல இருக்குதே, அதுனால வயித்துல கட்டிக்கிட்டாரு."

"ஆறு மாசம்…" என்றார் குலசேகரன். "அம்மா, நீங்க செஞ்சது ஆராய்ச்சிங்க."

"ஆராய்ச்சியா? வயித்துப்பாடுங்."

கணக்கையும் பழையபடி மாற்றி, பழைய பெட்டியை எடுத்து மறுபடி கட்டினார்கள். குலசேகரன் தன் போனிலிருந்து அறுபத்து மூன்று ரூபாய் போட்டார். பெட்டி கரகரவென்று உறுமியது. மாசாணம் ஆறு விரல் காட்டினார், பிறகு மூன்று. நாற்பத்தெட்டு போட்டார். நாலு, எட்டு. நூற்றுப் பதினேழு போட்டார். மாசாணம் இந்த முறை கண்ணை மூடிக்கொண்டார். ஒரு விரல். மறுபடி ஒரு விரல். பிறகு ஏழு.

குலசேகரனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இருபது வருஷம் சத்தத்தோடு குடும்பம் நடத்தியவர், சத்தத்துக்கு இப்படி ஒரு வாசல் இருப்பது தெரியாமலே இருந்திருக்கிறார். "நானும் தொட்டுப் பாக்கட்டுமா?" என்று கையால் கேட்டார். மாசாணம் அவர் உள்ளங்கையைப் பிடித்துப் பெட்டியின் மேல், வலது மூலையில், சரியான இடத்தில் வைத்தார். நப்பின்னை பணம் போட்டார். ஏதோ ஓடிற்று, நின்றது, மறுபடி ஓடிற்று. எத்தனை ரூபாய் என்று குலசேகரனுக்குத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது.

"இவரை எப்படிக் கண்டுபிடிச்சீங்க மேடம்?"

"புகார்ல இருந்துதான். நடுக்கம்னு நாலாயிரத்து நூத்துப் பன்னெண்டு புகார் இருக்குன்னு எண்ணிக் குடுத்தீங்களே. ஒரு வாரமா ஒவ்வொண்ணாப் படிச்சேன்."

"இவங்களும் நடுக்கத்தப் பத்திப் புகார் சொன்னாங்களா?"

"நான்தானுங் போன் பண்ணினேன்" என்றாள் தெய்வாத்தாள். "ரோட்டுல பஸ் போகையில அதிரறது பத்தறதில்ல, இன்னுங் கொஞ்சம் சேத்தி அதிர வெய்யுங்கன்னு."

குலசேகரன் அந்தப் புகாரைப் படிக்கவில்லை. எண்ணத்தான் செய்திருந்தார். குறைக்கச் சொன்ன நாலாயிரத்துச் சொச்சம் பேரோடு, கூட்டச் சொன்ன ஒருத்தரையும் சேர்த்தே எண்ணியிருந்தார்.

பிறகு மெல்ல, "ஒருத்தர்தானே மேடம்" என்றார். சொன்னதும் அவருக்கே வெட்கமாகிவிட்டது.

நப்பின்னை கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்தார். பேனாவைத் திறந்தார். "மணி பன்னெண்டரைதான் ஆகுது. நீங்க சொன்னா இப்பவே கையெழுத்துப் போடறேன் சார். மனசாரத்தான் சொல்றேன்."

குலசேகரன் படிவத்தைப் பார்த்தார். ரெண்டரை வருஷம். மாசாணத்தைப் பார்த்தார். அவர் அடுத்த காயைச் சீவிக்கொண்டிருந்தார், பெட்டி எப்போது பேசும் என்று வயிறு காத்துக்கொண்டிருந்தது. குலசேகரன் படிவத்தை வாங்கி நாலாய் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வேலை போனாப் போகுது" என்றார். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆபீசுக்குத் திரும்பி லிப்டில் ஏறும்போதுதான் அவருக்கு ஆற்றாமை பொங்கிற்று.

"மேடம், ஒரு வாரமாத் தெரிஞ்சிருக்கு. காது கேக்காத ஒருத்தர் இருக்கார், அவருக்கு நடுக்கம் வேணும்னு மேஜையில வெச்சே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? ஒரு மணி நேரத்துல பெட்டியச் சரிபண்ணியிருப்பேன். திட்டமும் பிழைச்சிருக்கும், நானும் பிழைச்சிருப்பேன்."

"சொல்லியிருந்தா பெட்டிக்கு அடியில நடுக்கத்துக்கு ஒரு ஸ்விட்ச் வெச்சு விஷயத்த முடிச்சிருப்பீங்க சார்" என்றார் நப்பின்னை. "இப்ப அத உள்ளங்கையால கேட்ட பிறகு நீங்க என்ன செய்யப் போறீங்கன்னு எனக்கே தெரியல. அதான், ராஜினாமா எழுதறதா இருந்தா ரெண்டு பேருக்கும் சேர்த்தே எழுதிடுங்க. உங்ககூட வந்து கத்துக்கறேன்."