ஒன்பது கிலோ பூசணி

அன்று சாலையோரம் இருந்தவர்கள்: பயிற்சி நிலையத்தில் வேளாண் அலுவலர்களுக்குப் பாடம் எடுக்கும் தில்லைவடிவு. அவரிடம் படித்த அலுவலர் பொன்னுரங்கம். காய்க்குச் சொந்தக்காரி சடைச்சி. வண்டி ஓட்டி வந்த அப்பாஸ். எதிரே பைக் பழுது பார்க்கும் நாகேந்திரன். காயை எண்ணி இறக்கிய நான். ஆறு பேர். தில்லைவடிவு மட்டும் மதியத்துக்கு மேல்தான் வந்தார்.

ஆயுத பூஜை நாள்.

பொன்னுரங்கத்துக்கு வயது ஐம்பத்தாறு. தில்லைவடிவுக்கு நாற்பது இருக்கலாம். ஆனாலும் அந்த அம்மாவைத் தன் குரு என்றுதான் அவர் எங்களிடம் சொல்வார். விளைந்த பிறகு சந்தையைத் தேடாதே, சந்தையைப் பார்த்துவிட்டு விதை என்று அந்த அம்மா சொல்லிக்கொடுத்தாராம்.

அதை எடுத்துக்கொண்டுதான் பொன்னுரங்கம் எங்கள் ஊருக்கு வந்தார். பூஜைக்கு வெள்ளைப் பூசணி விலை ஏறும் என்று கமிஷன் கடையில் விசாரித்தார். பூஜை நாளிலிருந்து பின்னால் எண்ணி, விதைக்கும் தேதியைச் சொன்னார். கொடிக்கு இரண்டு காய் மட்டும் விட்டு, மற்ற பிஞ்சையெல்லாம் கிள்ளச் சொன்னார். சடைச்சி அதுவரை கூலிக்குப் போனவள். அவரை நம்பி முதன்முதலாக இருபது சென்ட் குத்தகைக்கு எடுத்தாள். சொன்னபடி கிள்ளினாள். காய் ஒவ்வொன்றும் ஒன்பது கிலோ வந்தது.

முந்தின நாள் கமிஷன் கடையில் காய் மலைபோல் குவிந்து விலை விழுந்துவிட்டது. அதனால் நாங்களே டவுனுக்குக் கொண்டுவந்தோம். குத்தகைப் பணத்துக்கு நிலத்துக்காரர் மறுநாள் காலை வருவதாக இருந்தார். கொடுத்தால் நிலம் சடைச்சியிடம் இருக்கும். இல்லாவிட்டால் திருப்பூர் மில்லுக்குப் போவதாக அவள் முடிவு செய்திருந்தாள்.

காலையில் நூற்று நாற்பது இறக்கினேன்.

வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள்.

"சின்னதா இல்லையா?"

"இல்லைங்க. எல்லாம் நல்ல காய்ங்க."

"நல்ல காய்தாம்மா. உடைக்கத்தானே கேக்குறேன். இதை உடைக்க ஜேசிபி வரணும்."

சற்றுத் தள்ளி ஓர் ஆட்டோவில் தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிய பூசணிகளை வைத்து ஒருவர் விற்றார். பத்து மணிக்கெல்லாம் அவர் ஆட்டோவைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போய்விட்டார். எங்களுக்கு மதியம் வரை பத்தொன்பது போயிற்று.

பொன்னுரங்கம் குருவுக்குப் போன் செய்தார். அவர் பஸ்ஸில் நின்றபடியே வந்து சேர்ந்தார். முகம் வாடியிருந்தது.

"மேடம், நீங்க சொன்னபடியேதான் செஞ்சேன். நாளைப் பார்த்தேன். விலையைப் பார்த்தேன். சந்தையைப் பார்த்துட்டுத்தான் விதைக்கச் சொன்னேன். எதை விட்டேன்?"

தில்லைவடிவு என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு எதிர்ப்பக்கம் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, பூஜை முடிஞ்சுதா?"

"சுத்தி உடைக்கிறதுதான் பாக்கிக்கா," என்றார் நாகேந்திரன். "காய் வாங்க லேட்டாப் போயிட்டேன்."

"இங்க இவ்வளவு இருக்கே."

"அக்கா, அது காயா, கன்னுக்குட்டியா?"

தில்லைவடிவு சிரிக்கவில்லை. சீடரைப் பார்த்தார்.

"சார், தம்பிக்காக நீங்க ஒண்ணு சுத்திப் போடுங்க."

"நானா?"

"நீங்கதான். கடைக்கு முன்னாடி மூணு சுத்து. அப்புறம் ரோட்டில உடைக்கணும்."

பொன்னுரங்கம் குவியலில் நல்ல காயாகப் பொறுக்கினார். நாகேந்திரன் அதன் மேல் சூடம் வைத்து ஏற்றினார்.

"ஒரு கையில ஏந்துங்க சார். அப்படித்தான் சுத்தணும்."

ஒரு கையில் ஏந்தினார். மணிக்கட்டு மடங்கியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முதல் சுற்று எப்படியோ முடிந்தது. இரண்டாவதில் சூடம் சறுக்கி அவர் சட்டைக் கைக்கு வந்தது. அப்பாஸ் ஓடிப்போய்த் தட்டி அணைத்தார். மூன்றாவது சுற்றில் பாதிக்கு மேல் கை ஏறவில்லை. காய் அவர் காலடியிலேயே விழுந்தது. சிதறவில்லை. இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி உருண்டு சாலை நடுவில் போய் நின்றது.

டவுன் பஸ் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"யாருப்பா அது, நடு ரோட்டில பாத்தி கட்டுறது?"

அப்பாஸ் அதை உருட்டி ஓரத்துக்குக் கொண்டுவந்தார். பொன்னுரங்கம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சடைச்சிதான் முதலில் பேசினாள். யாரைப் பார்த்தும் பேசவில்லை.

"நான் கிள்ளிப் போட்ட பிஞ்சை இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா, கைக்கு அடக்கமா வந்திருக்கும். கூடை கூடையா ஆட்டுக்குப் போட்டேன். ஆடுகூட முழுசாத் தின்னலை."

"கமிஷன் கடையில பெரிய காய்க்குத்தான் விலைன்னு சொன்னாங்க, தாயி," என்றார் பொன்னுரங்கம்.

"அவங்க பொய் சொல்லலை," என்றார் தில்லைவடிவு. "அவங்ககிட்ட யார் வாங்குறாங்க?"

"அதை நான் கேக்கலை."

"கேக்கணும்னு நானும் சொல்லலை. ஃபேனுக்குக் கீழ உட்கார வச்சு விலைப் பட்டியலைத்தான் காட்டினேன்."

இதைச் சொல்லிவிட்டு அவர் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்தார். தெருக் கோடியில் அம்மன் கோயில் மண்டபத்தைக் காட்டினார். அங்கே மறுநாள் அன்னதானத்துக்கு அடுப்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"போய்க் கேட்டுட்டு வாங்க."

"நீங்களும் வாங்க மேடம்."

"எனக்குக் கால் வலிக்குது."

"என்ன கேக்கணும், விலையா?"

"விலையைக் கடைசியாக் கேளுங்க."

பொன்னுரங்கம் நடந்தார். எண்ணிக்கைக்காக நானும் பின்னால் போனேன். சமையற்காரர் வாளியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

பொன்னுரங்கம் வெட்டிய அடுப்பை எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"நாளைக்கு என்ன செய்யப் போறீங்கண்ணே?"

"சாம்பார், பூசணிக் கூட்டு, பாயசம். நீங்க யாரு, சாப்பிட வந்தவரா, கணக்குப் பார்க்க வந்தவரா?"

"காய் விளைய வச்சவங்களோட வந்தவன். கூட்டுக்குக் காய் இருக்கா?"

"நாலு மூட்டை வந்திருக்கு. பத்தாது. அதுவும் எல்லாம் பொடிசு. தோல் சீவிச் சீவி இவங்களுக்குக் கையெல்லாம் கொப்புளம்."

அருகில் ஐந்து பெண்கள் அரிவாள்மனையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கையை விரித்துக் காட்டினாள்.

"ஒரு காய் ஒன்பது கிலோ இருந்தா?"

"ஒண்ணைச் சீவினா ஒரு குண்டான் நிறையுமே. எங்கண்ணே வச்சிருக்கீங்க, காலையிலேயே கொண்டுவந்தா என்ன?" என்றாள் அவள்.

பொன்னுரங்கம் வண்டி நின்ற பக்கம் கை காட்டிவிட்டு, அப்புறம்தான் விலையைப் பேசினார்.

முப்பது காய் எடுத்துக்கொண்டார்கள். அப்பாஸ் வண்டியில் கொண்டுபோய் இறக்கினார். தன் வீட்டுக்கும் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டார். சடைச்சி பணத்தைச் சுருக்குப்பையில் போட்டாள்.

"குத்தகைக்குக் காணுமா?" என்று கேட்டார் தில்லைவடிவு.

"பாதிக்குக் கொஞ்சம் குறையுதும்மா."

வெயில் இறங்கியிருந்தது. கடைகளில் பொரி கடலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நாகேந்திரன் எங்களுக்கும் ஆளுக்கு ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். தில்லைவடிவு பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். பொன்னுரங்கம் அவர் முன்னால் வந்து நின்றார்.

"மேடம், அடுத்த வருஷம் இவங்களுக்கு என்ன விதைக்கச் சொல்லட்டும்?"

"விதைக்க நிலம் வேணுமே சார். காலையிலதானே நிலத்துக்காரர் வர்றார்? இன்னும் எத்தனை மண்டபத்தில அடுப்பு வெட்டுறாங்கன்னு நாம பார்க்கலை. மிச்சம் எத்தனை இருக்கு?"

நான் எண்ண எழுந்தேன்.

"நீங்க இருங்கய்யா," என்றார் பொன்னுரங்கம்.

அவரே குவியலின் பக்கம் போனார். ஒவ்வொரு காயாகத் தூக்கி, கையில் சற்று நேரம் வைத்திருந்து, தள்ளி வைத்து எண்ணினார்.

எண்பத்தொன்பது.