எறும்புகள் வழியில் தலை முட்டிக்கொள்வது ஏன்?

எறும்புகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு கருவேல மரத்தடியில் பெரிய எறும்பு வளை ஒன்று இருந்தது. அதன் வாசல் நல்ல அகலம். வாசலைத் தாண்டினால் ஒரு கூடம். கூடத்திலிருந்து ஒரு சரிவு கீழே இறங்கும். சரிவின் அடியில், யாராலும் அசைக்க முடியாத ஒரு கல்லுக்கும் மண்சுவருக்கும் நடுவே இடுக்கான வழி ஒன்று உண்டு. அதை எல்லாரும் முடுக்கு என்பார்கள். முடுக்கைத் தாண்டினால்தான் குஞ்சுகளின் அறை.

முடுக்கைப் பார்த்துக்கொண்டவள் நொய்யாள். மண் சரிந்தால் அள்ளுவது, வழி அடைத்தால் நீக்குவது அவள் வேலை. உடம்பு சின்னது, கோபம் பெரிது.

வாசலைக் காத்தவள் பெருங்கோதை. அவளுக்கு உடம்பைவிடத் தலை பெரிது. பகை வந்தால் அந்தத் தலையை வாசலில் கொடுத்து அடைத்துவிடுவாள். அந்த வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் யார் எவ்வளவு பெரிய சுமை தூக்க வேண்டும் என்று சொல்லும் அதிகாரமும் அவளிடமே இருந்தது. முடுக்கை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது, தலை நுழையாது.

அதுவரை பக்கத்துக் கொல்லையில் தினைதான் விளைந்தது. முழுத் தினையே முடுக்கில் வழுக்கிக்கொண்டு போய்விடும். அந்த வருஷம் சோளம் விளைந்தது. மழையும் சீக்கிரம் வரும் போலிருந்தது. பெருங்கோதை ஒரு முழுச் சோளத்தை எடுத்து வாசலில் உருட்டிப் பார்த்தாள். தாராளமாக உருண்டது.

"முழுச் சோளம்தான் இனி அளவு. உடைத்துக்கொண்டு நிற்க நேரம் இல்லை. சுமையோடு போகிறவளை யாரும் நிறுத்தக் கூடாது. திரும்பி வருகிறவள் நின்று கதை பேசக் கூடாது. சரிவின் அடியில் இருக்கும் பின்பக்கத்து ஓட்டை வழியாக நேரே கொல்லைக்குப் போய்விட வேண்டும்" என்றாள்.

பெரிதாகத் தூக்கினால் போய்வரும் நடை குறையும். கேட்டவர்களுக்கும் அது நியாயமாகவே பட்டது.

முதல் சோளம் முடுக்குக்கு வந்தது. நுழையவில்லை. சுமந்து வந்தவள் தள்ளிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். வாயில் சுமை இருந்ததால் வாய் திறந்து ஒரு சொல் சொல்ல முடியவில்லை. பின்னால் வந்தவளோ முட்டித் தள்ளினாள். அவள் என்ன செய்வாள்? சுவரோரம் இருந்த பள்ளத்தில் சோளத்தைப் போட்டுவிட்டுப் பின்பக்கத்து ஓட்டை வழியாக ஓடிவிட்டாள். அடுத்தவளும் அதையே செய்தாள். அதற்கடுத்தவளும்.

நொய்யாள் ஒரு சோளத்தை இழுத்து வைத்துக் கடித்து உடைத்தாள். அவள் ஒன்றை உடைத்து முடிப்பதற்குள் பள்ளத்தில் இன்னொரு கும்பல் சேர்ந்துவிட்டது. ஒருத்தியின் பல் எத்தனைக்குத்தான் ஈடு கொடுக்கும்? அடியில் கிடந்த சோளம் ஈரத்தில் முளைவிட்டு நாறத் தொடங்கியது.

மேலே பெருங்கோதை மகிழ்ந்து போயிருந்தாள். வாசலில் நுழைந்ததெல்லாம் சேர்ந்துவிட்டது என்பது அவள் எண்ணம். சேரவில்லை என்று வந்து சொல்ல யாருக்கும் வழி வைக்கவில்லையே!

குஞ்சுகள் வளர்க்கும் பூவாத்தா முடுக்கு வழியாக வெளியே தலை நீட்டினாள். பள்ளத்தைப் பார்த்தாள். நொய்யாளைப் பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

"அடிப்பாவி! அங்கே பிள்ளைங்க வாயைத் திறந்து திறந்து மூடுது. ரெண்டு சுருண்டே போச்சு. நீ இங்கே மலை மாதிரி பதுக்கி வச்சிருக்கியா?"

"நானா பதுக்கினேன்?" நொய்யாளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. "உன் கண்ணு என்ன முதுகுலயா இருக்கு? அந்தச் சோளத்தை இந்த முடுக்குல நுழைச்சுக் காட்டுடி, பார்ப்போம்!"

பூவாத்தா ஒன்றை எடுத்து நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. அவள் குரல் இறங்கிவிட்டது.

"அப்போ யார்டி இப்படி அனுப்புறது?"

"மேலே ஒருத்தி உட்கார்ந்திருக்கா இல்ல, அவதான்."

"சொல்லுடி போயி. இன்னைக்குப் பொழுதுக்குள்ளே தீனி வரலேன்னா மிச்சமும் பிழைக்காது."

நொய்யாள் சரிவில் ஏறினாள். எதிரே வாயில் சோளத்தோடு வரிசை இறங்கிக்கொண்டே இருந்தது. "நில்லுங்க, நில்லுங்க" என்றாள். யாரும் நிற்கவில்லை. நிற்கக் கூடாது என்பதுதான் உத்தரவு. மிதிபட்டு, இடிபட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தாள்.

"பெரியம்மா, முழுச் சோளம் முடுக்குல நுழையல. எல்லாம் வெளியிலேயே கிடந்து அழுகுது. பிள்ளைங்க சாகுது."

பெருங்கோதை அந்தப் பெரிய தலையை மெல்லத் திருப்பினாள். "இங்கே நுழையுதே?"

"இங்கே நுழையும். அங்கே நுழையல."

"அப்போ முடுக்கை அகலமாக்கு. அது உன் வேலைதானே?"

"கல்லு பெரியம்மா. கல்லைக் கடிக்கவா?"

"உன் ஒரு முடுக்குக்காக ஊரே நொறுக்குத் தீனி மாதிரி சுமக்கணுமோ? மழை வந்து கொல்லை மூழ்கிப் போனா நீயா பதில் சொல்லுவே?"

"எப்பவும் சின்னதாச் சுமக்கச் சொல்லலயே! கூடத்துலேர்ந்து தினைக் கிடங்குக்குப் போற வழி அகலம், அங்கே முழுசாவே போகட்டும். எந்த வழி எவ்வளவுன்னு கேட்டுட்டு அனுப்புங்க. கேட்கத் தெரியலேன்னா சின்னதா அனுப்புங்க. சின்னது எங்கேயும் போய்ச் சேரும். பெருசு பாதி வழியிலே சிக்கிடும்!"

"என்னைக் கேட்கச் சொல்றியா? உன்கிட்டயா?" பெருங்கோதை சிரித்தாள். "போடி, போயி மண்ணள்ளு."

அந்தச் சிரிப்புத்தான் நொய்யாளைச் சுட்டது. திட்டியிருந்தால்கூடத் திரும்பியிருப்பாள். அங்கே குஞ்சுகள் சுருண்டுகொண்டிருக்க, ஒரு தடவைகூடக் கீழே இறங்காத ஒருத்தி, இறங்கவே முடியாத ஒருத்தி, சிரிக்கிறாள்!

நொய்யாள் விடுவிடுவென்று போய்ப் பாதையின் நடுவில் நின்றாள். எந்த எறும்பும் அதற்குமுன் செய்யாத காரியம் அது. முன்னால் வந்தவள் சடைச்சி என்பவள். அவள் தலையில் தன் தலையை முட்டி நிறுத்தினாள். வாயில் சுமை இருப்பவளோடு எப்படிப் பேசுவது? தன் உணர்கொம்பு இரண்டையும் முன்னால் நீட்டி, முடுக்கின் அகலத்துக்கு விரித்து, சடைச்சியின் சோளத்தின் இரண்டு பக்கமும் வைத்துக் காட்டினாள். சோளம் கொம்புகளுக்கு வெளியே பிதுங்கிக்கொண்டு நின்றது. குருடிக்குக்கூடப் புரிந்திருக்கும்.

பின்னால் வரிசை முழுவதும் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

"பாதையை மறிக்கிறியா?" என்று பாய்ந்து வந்தாள் பெருங்கோதை. பகைவரை வெட்டுவதற்கென்று இருந்த பல்லால் நொய்யாளின் ஒரு கொம்பை அடியோடு வெட்டினாள். சொந்தக் கூட்டத்தில் ஒருத்தியை! சரியான சேதி கொண்டு வந்ததற்காக!

அப்போது சடைச்சி சோளத்தைக் கீழே போட்டாள்.

"அக்கா," என்றாள், "எவ்வளவு அகலம் காட்டினே? இன்னொரு வாட்டி காட்டு."

நொய்யாள் காட்டப் பார்த்தாள். ஒரு கொம்பை வைத்துக்கொண்டு அகலத்தை எப்படிக் காட்டுவது?

சடைச்சி தன் கொம்புகளை நீட்டினாள். "இவ்வளவா?"

நொய்யாள் மிஞ்சியிருந்த கொம்பால் தொட்டுப் பார்த்து, அதை உள்பக்கமாக அழுத்தினாள். "இல்ல. இன்னும் குறுக்கு."

"இவ்வளவா?"

"இன்னும் கொஞ்சம். ஆங், அங்கேயே நிறுத்து."

"நிறுத்தாதே! நட!" என்று கத்தினாள் பெருங்கோதை.

சடைச்சி அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. சோளத்தைக் கடித்து இரண்டாக்கினாள். அளந்தாள், அது போதவில்லை. மறுபடி கடித்தாள். பிறகு பின்னால் இருந்தவளின் தலையைத் தொட்டு, அதே அகலத்துக்குக் கொம்பை விரித்துக் காட்டினாள். அவள் அடுத்தவளுக்குக் காட்டினாள். வரிசை நெடுகக் கறுக் கறுக்கென்று சோளம் உடையும் சத்தம் ஓடியது. எத்தனை பேருடைய கொம்பைப் பெருங்கோதை வெட்டுவாள்?

துண்டுகள் முடுக்கில் தங்காமல் உருண்டன. அந்தப் பக்கம் பூவாத்தா பேசக்கூட நேரமில்லாமல் மென்று மென்று ஊட்டினாள். மழை பிடிப்பதற்குள் எல்லாக் குஞ்சுகளுக்கும் வயிறு நிறைந்தது. முன்பே சுருண்டுபோன இரண்டைத் தவிர.

மறுநாள் பெருங்கோதை, "இனிமேல் திரும்புகிறவளும் இதே வழியில் வர வேண்டும், போகிறவள் அளவு கேட்டுச் சுமக்க வேண்டும். இது என் உத்தரவு" என்று வாசலில் நின்று அறிவித்தாள். நொய்யாளின் கொம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வரிசை பெருங்கோதையைச் சுற்றிக்கொண்டு தன்பாட்டுக்குப் போனது.

அன்று முதல்தான், எறும்புகள் எவ்வளவு அவசரமாகப் போனாலும் எதிரே வருகிற ஒவ்வொருத்தியையும் நிறுத்தி, தலையைத் தொட்டு, போகிற வழியில் இருப்பதிலேயே குறுகலான இடம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு போகின்றன. எதிரே யாரும் வராவிட்டால், சுமையைச் சின்னதாகவே உடைத்து எடுத்துக்கொள்கின்றன.