ஆளில்லாத ஊர்ல நாப்பத்திமூணு பேர்

ஒரு ஊர்ல ஒரு... இல்ல, இந்தக் கதைக்கு ஒரு ஊர் பத்தாது. முப்பத்தோரு ஊர். முப்பத்தோரு ஊரும் சேந்தா அதுக்கு நெடுங்கரை ஒன்றியம்னு பேரு. அந்த ஒன்றியத்துக்கு ஒரு ஆபீஸ். அந்த ஆபீஸுக்கு ஏகாம்பரம்னு ஒரு அதிகாரி. அந்த அதிகாரி மேசையில ஒரு தடிப் புத்தகம். எங்க, ம் சொல்லு.

அந்தப் புத்தகத்துல ஒவ்வொரு ஊரப் பத்தியும் ரெண்டு வரி இருக்கும். "கலயம்பட்டி. பானை செய்வோர். அமைதியானவர்கள்." அமைதியாம். மேலத்தெருவும் கீழத்தெருவும் களிமண்ணுக்காகப் போடற சண்டை ஆபீஸ் வரைக்கும் கேக்கும். "நூலாம்பட்டி. நெசவாளர்கள். தறியோசை ஓயாத ஊர்." தறி ஓஞ்சு பத்து வருஷம் ஆச்சு, பாதி ஊரு திருப்பூர் பனியன் கம்பெனியில இருக்கு. "கிடைக்காடு. ஆடு மேய்ப்போர். படிப்பறியாதவர்கள்." அந்த ஊர்லேருந்து மூணு டீச்சர் வந்தாச்சு. ஆனா புத்தகத்த எப்பவோ யாரோ எழுதுனதோட சரி. அப்புறம் வருஷா வருஷம் அட்டையில தேதிய மட்டும் மாத்துவாங்க.

கடைசிப் பக்கத்துல ஊசிப்பாறை. அதுக்கு ஒரே ஒரு வரி. "குடியிருப்போர் இல்லை."

ஏன் அப்பிடி எழுதுனாங்க? புத்தகம் எழுதுனவர் வந்த அன்னைக்கு ஊரே கம்பு அறுக்கப் போயிருந்துச்சு. டொக் டொக்குனு கதவத் தட்டிப் பாத்தார். எல்லாம் பூட்டு. எழுதி வச்சிட்டு, கையில இருந்த முறுக்கத் தின்னுட்டுப் போயிட்டார். அவ்வளவுதான்.

அந்த ஊசிப்பாறையிலதான் வெள்ளத்தாயி இருந்தா. அவ மக இசக்கிக்கு எட்டு மாசம். வயிறு இம்மாம் பெருசு. குடிக்கத் தண்ணி வேணும்னா ரெண்டு மைல் நடந்து கலயம்பட்டிக்குப் போவணும். இதுல வேடிக்கை என்னன்னா, கிடைக்காட்டுக்குப் போற தண்ணிக்குழாய் ஊசிப்பாறைத் தெருவுக்கு அடியிலதான் போவுது. தரையில காத வச்சா கேக்கும். கொட கொட கொட கொட. ஆனா குழாய் வாய் ஒண்ணு கூட இல்ல. ஆளில்லாத ஊருக்கு எதுக்கு?

ஒருநாள் வெள்ளத்தாயிக்குக் காய்ச்சல். அம்மாக்குத் தெரியாம இசக்கி குடத்தத் தூக்கிட்டுப் போனா. வர்ற வழியில சறுக்குனு வழுக்கி உக்காந்துட்டா. குடம் உருண்டு போயிருச்சு. வயித்துக்கு ஒண்ணும் ஆகல. ஆனா வெள்ளத்தாயிக்குக் காய்ச்சல் பறந்து போச்சு. புள்ள பொறக்கறதுக்குள்ள தெருவுல குழாய் வந்தாகணும்னு மறுநாளே ஆபீஸுக்குக் கெளம்பிட்டா. முழிச்சிருக்கியா? ம்.

அப்போ ஏகாம்பரம் புத்தகத்தப் பெரட்டுனார். சரக், சரக், சரக்.

"ஊசிப்பாறையில ஆளே இல்லையேம்மா."

"நான் இருக்கேனேய்யா."

"அப்ப நீ வேற ஊர்க்காரி. எந்த ஊருன்னு வீட்டுக்குப் போயி நிதானமா யோசிச்சுப் பாரு."

அப்புறம் வெள்ளத்தாயி என்ன செஞ்சா? ஊர்ல இருக்கிற நாப்பத்திமூணு பேரையும் கெளப்பிட்டா. இசக்கிய மாட்டு வண்டியில ஏத்தி, கெழவர்களக் கைத்தாங்கலாக் கூட்டிக்கிட்டு, ஆபீஸ் வாசல்ல வரிசையா நிறுத்துனா.

"எண்ணிக்கோங்கய்யா. ஊசிப்பாறை ஆளுங்க மொத்தம்."

ஏகாம்பரம் கண்ணாடியக் கழட்டித் தொடச்சார். "எல்லாரும் வந்துட்டீங்களா?"

"ஒருத்தர் பாக்கியில்லாம வந்துட்டோம்."

"அப்போ இப்ப அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்லீங்க."

"அதத்தானேம்மா புத்தகமும் சொல்லுது."

நாப்பத்திமூணு பேரும் வீட்டுக்குத் திரும்புனாங்க. வழியெல்லாம் இசக்கி, "யம்மா, அந்த ஆளு சொல்றதக் கேட்டா எனக்கே நான் இருக்கேனான்னு சந்தேகமா இருக்கு"ன்னா. "வயித்துல உதைக்குதா?"ன்னு கேட்டா வெள்ளத்தாயி. "உதைக்குது." "அப்ப இருக்க. வாய மூடிட்டு வா."

மூணாந்தடவ வெள்ளத்தாயி மட்டும் போனா. "ஒரே ஒரு எட்டு ஊருக்கு வந்து உங்க கண்ணால பாத்துருங்க"ன்னு கேட்டா. ஏகாம்பரம் பாவமாத்தான் பாத்தார். "ஆளில்லாத ஊருக்குப் போறேன்னு சொன்னா ஜீப்புக்கு டீசல் குடுக்க மாட்டாங்கம்மா"ன்னுட்டார்.

அப்புறம் ஐப்பசி வந்துச்சு. மழைன்னா மழை, சோன்னு கொட்டுச்சு. கரிசல் மண்ணு தெரியும்ல, நனைஞ்சா பசை மாதிரி. கிடைக்காட்டுல ஏதோ திறப்பு விழா. பேச்சுல படிக்கிறதுக்குப் புத்தகத்த மடியில வச்சுக்கிட்டு, வெள்ளச் சட்டை போட்டு, ஏகாம்பரம் ஜீப்புல போனார். போற வழியில ஊசிப்பாறை நடுத்தெருவுல ஜீப்பு, கிர்ர்ர்... கிர்ர்ர்... பொதக். அச்சு வரைக்கும் எறங்கிருச்சு.

டிரைவர் சுடலை எறங்கித் தள்ளிப் பாத்தான். ம்ஹூம்.

ஏகாம்பரம் தலைய நீட்டி, "யாராவது இருக்கீங்களா?"ன்னு கூப்பிட்டார்.

ஒரு வீட்டுக்குள்ளேருந்து பதில் வந்துச்சு. "யாரும் இல்லீங்க."

பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, யாருப்பா அது?"ன்னார்.

"இங்கயும் இல்லீங்க. புத்தகத்துல பாருங்க."

மூணாவதா எதிர் வீடு. அது வெள்ளத்தாயி வீடு. ஜன்னல்ல அவளே நிக்கிறா. அவள நேருக்கு நேராப் பாத்துக்கிட்டே ஏகாம்பரம் கேட்டார். "ஏம்மா, நீயாவது இருக்கியா?"

"எனக்கெப்பிடித் தெரியும்யா? நீங்க எழுதுனாத்தானே நான் இருக்கேன்."

மழை சடசடன்னு அடிச்சுது. அங்க கிடைக்காட்டுல மாலையோட காத்துக்கிட்டு இருக்காங்க. ஏகாம்பரம் பேனாவ எடுத்தார். கடைசிப் பக்கத்துல அந்த வரிய அடிச்சு, மேல எழுதுனார்: "குடியிருப்போர் உண்டு."

படக் படக்குனு கதவெல்லாம் தொறந்துச்சு. எல்லாரும் வந்துட்டாங்க. இசக்கி மட்டும் தள்ளாம ஓரமா நின்னா. ஏலேலோ தள்ளு, ஏலேலோ தள்ளு. சக்கரம் சர்ர்ர்னு சுத்துச்சு, சேறு எல்லார் மேலயும் சளார்னு தெறிச்சுது. ஏகாம்பரமே எறங்கித் தள்ளுனார். மூஞ்சி, சட்டை எல்லாம் கருப்பு. ஜீப்பு மேல ஏறிருச்சு.

"எத்தனை பேருன்னும் எழுதணும்ல. சுடலை, தலைய எண்ணு"ன்னார் ஏகாம்பரம்.

ஜீப்புல இருந்தபடியே சுடலை எண்ணுனான். எல்லா மூஞ்சியும் ஒரே சேறு, யாரு எவருன்னு தெரியல. "நாப்பத்தி நாலுங்கய்யா." ஏகாம்பரம் நாப்பத்தி நாலுன்னு எழுதி, கையெழுத்தும் போட்டுட்டார்.

ஊர்ல இருக்கிறது நாப்பத்திமூணு. அந்த இன்னொண்ணு யாரு, சொல்லு பாப்போம். ம்... அதேதான்.

புத்தகத்துல ஆள் வந்ததும், பத்து நாள்ல குழாயும் வந்துச்சு. ஆனா அதுக்கப்புறம் ஒருநாள் ஏகாம்பரம் அலறி அடிச்சுக்கிட்டு ஓடி வந்தார். "ஏம்மா, நாளைக்கு ஜில்லாவிலேருந்து பெரிய ஆபீசர் வந்து தலைய எண்ணப் போறாராம். கணக்குப் பாத்தா ஒரு தலை குறையுதே."

"அன்னைக்கு நீங்களும் சேத்துல நின்னீங்கல்லய்யா. டிரைவரு உங்களையும் சேத்து எண்ணிட்டாரு."

"ஐயோ, புத்தகத்துல தப்புன்னு தெரிஞ்சா என் வேலையே போயிரும். குழாயையும் புடுங்கிருவாங்க. யாராவது ஒரு ஆள், எப்பிடியாவது..."

அப்போ வீட்டுக்குள்ளேருந்து, "குவா... குவா..."

ஆஸ்பத்திரியிலேருந்து முந்தாநாள்தான் இசக்கி வந்திருந்தா, புள்ளயோட. பொம்பளப்புள்ள.

ஏகாம்பரம் வெரல விட்டு எண்ணுனார். நாப்பத்திமூணு. நாப்பத்திநாலு. வேட்டி நுனியால மூஞ்சியத் தொடச்சார். உடனே அவருக்குப் பழைய கம்பீரம் வந்திருச்சு.

"பாத்தியாம்மா? நம்ம புத்தகம் என்னைக்குமே தப்பாது."

வெள்ளத்தாயிக்கு நாக்கு நுனி வரைக்கும் ஒரு பதில் வந்துச்சு. ஆனா வாயத் தொறக்கல. குழாயத் தொறந்தா.

கொட கொட கொட கொட...

குடம் நெறஞ்சுது, கதையும் நெறஞ்சுது. மூடு கண்ண.