தொட்டிலுக்கு வந்த மூன்று பெயர்கள்

வைக்க முடிந்தது ஒரு பெயர்தான்; அதற்கு உரியவர்களோ மூன்று பேர். சங்கரன்கோவிலில், ஒரு தொட்டில் விசேஷ வீட்டில் எழுந்த இந்த வழக்கை முழுக்கக் கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

செண்பகவடிவுக்கு நாற்பத்தாறு வயது. தம்பி நயினார், அவன் மனைவி கோகிலா, இவர்களோடுதான் வாசம். போன ஆவணியில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாலு வாய் உண்டால் வயிறு கல்லாகிவிடும். குடல் ஏறிவிட்டது என்று தானே முடிவுகட்டி, குடல் தட்டுகிற மாடத்தியிடம் போனாள். விளக்கெண்ணெய் தடவி வயிற்றை அழுத்தி நீவிவிடுவது அங்கே வழக்கம். அந்தத் தொழில் செய்கிறவர்கள் ஊரில் இன்னும் மூன்று பேர் உண்டு. யார் வந்து படுத்தாலும் அமுக்கிவிடுவார்கள்.

மாடத்தி எண்ணெய் தொட்ட விரல்களை வயிற்றில் வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டாள்.

"தாயி, உள்ள என்னமோ உருண்டையா நிக்கி. இது குடலு இல்ல. நான் அமுக்கமாட்டேன்."

"முப்பது வருசமா ஊரு வயித்தையெல்லாம் அமுக்குத. என் வயித்துல மட்டும் முள்ளா கிடக்கு?"

"முள்ளோ என்னவோ, தெரியாததுல நான் கை வைக்கமாட்டேன்."

செண்பகவடிவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நீ இல்லன்னா வடக்குத் தெரு ஆவுடையா இருக்கா" என்று சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். மாடத்தி அவள் கையைப் பிடித்தவள் பிடித்ததுதான். வழியெல்லாம் திட்டு வாங்கிக்கொண்டே ஆட்டோவில் ஏற்றி, டாக்டர் ஜெசிந்தாவின் ஆஸ்பத்திரியில் உட்காரவைத்த பிறகுதான் விட்டாள்.

ஜெசிந்தா ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். இரைப்பைச் சுவரில் தேங்காய் அளவுக்கு ஒரு கட்டி.

"நூத்துல ஒருத்தருக்குக்கூட வராத வகை இது. நான் கத்தியும் வைக்கமாட்டேன், ஊசி குத்தியும் பார்க்கமாட்டேன். இப்படிப் படம் வந்தா, இதுக்குன்னு படிச்சவங்ககிட்ட அனுப்பணும்னு எங்களுக்குப் பாடமே இருக்கு" என்றார். அன்றைக்கே கடிதம் எழுதி மதுரைக்கு அனுப்பிவைத்தார்.

மதுரையில் அறுவை சிகிச்சை நிபுணர் மங்கையர்க்கரசி படம் வரைந்து காட்டினார். "கட்டியைச் சுத்தி மெல்லிசா ஒரு உறை இருக்கும்மா. அது கிழியாம முழுசா எடுத்துட்டா நீங்க பிழைச்சீங்க. கிழிஞ்சா உள்ள இருக்கிறது வயிறு பூராவும் விதை மாதிரி சிதறி முளைக்கும். அப்புறம் யார் வந்தும் பிரயோசனமில்லை."

ஆபரேஷன் அன்றைக்குச் செண்பகவடிவு தள்ளுவண்டியில் படுத்தபடி, கர்ப்பமாக இருந்த கோகிலாவின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்: "ஆத்தா, என்னைக் கரை சேர்த்தது யாரோ, அவங்க பேரையே பிறக்கப்போற பிள்ளைக்கு வைக்கேன்." கோகிலாவும் அழுதுகொண்டே தலையாட்டிவிட்டாள்.

நாலு மணி நேரம். இரைப்பையில் ஒரு பகுதியோடு கட்டி முழுசாக, உறையில் ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தது. வெட்டிய ஓரங்களிலும் நோய் இல்லை என்று பரிசோதனை சொன்னது. இரண்டு மாதத்தில் செண்பகவடிவு, ஆறு வேளையாகப் பிரித்தாவது, வஞ்சனையில்லாமல் சாப்பிட்டாள். கோகிலாவுக்குப் பெண் பிறந்தது.

தொட்டில் போடும் நாளில் மாடத்தி, ஜெசிந்தா, மங்கையர்க்கரசி மூவருமே வந்திருந்தார்கள். பிள்ளையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்லவேண்டியவள் அத்தைதான். செண்பகவடிவு மடியில் பிள்ளையை வாங்கிக்கொண்டு விழித்தாள். தப்பான பெயரைச் சொன்னால் நேர்ந்தது நிறைவேறாது. சொன்ன பெயரைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

"இதுல என்னக்கா யோசனை? கத்தி பிடிச்சது பெரிய டாக்டரம்மா. மங்கையர்க்கரசின்னு வையி" என்றான் நயினார்.

"உங்க பிள்ளை அந்தப் பேரை எழுதி முடிக்கதுக்குள்ள பரீட்சையில மணி அடிச்சிரும். ஜெசிந்தான்னு வைங்க மதினி" என்றாள் கோகிலா. "மாடத்தின்னு மட்டும் சொல்லிறாதீங்க. நேர்ந்தது நீங்க, சுமக்கப்போறது என் பிள்ளை."

மாடத்தியே விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் என்ன செஞ்சேன்? கையத் தூக்கிட்டு நின்னேன். சும்மா நின்னவளுக்குப் பேரா?"

ஜெசிந்தா, "நானும் படத்தைப் பார்த்து அனுப்பினதுதான். வேற டாக்டரா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க" என்றார்.

"என்கூட இன்னும் ரெண்டு பேர் இந்த ஆபரேஷன் பண்றாங்க. அன்னைக்கு என் முறை, அவ்வளவுதான்" என்றார் மங்கையர்க்கரசி.

நல்ல நேரம் முடியப் பத்து நிமிடம் இருந்தது. இந்த மூவரில் செண்பகவடிவைக் கரை சேர்த்தது யார்? பிள்ளைக்கு யார் பெயரை வைப்பது நியாயம்?

விடை: ஒவ்வொருவரையும் விலக்கிவிட்டு, அந்த இடத்தில் அதே தொழில் செய்யும் இன்னொருவரை நிறுத்திப் பாருங்கள். மங்கையர்க்கரசி இல்லையென்றால் அதே ஆஸ்பத்திரியில் இன்னும் இருவர். ஜெசிந்தா இல்லையென்றாலும் பாடம் படித்த டாக்டர் மதுரைக்குத்தான் அனுப்பியிருப்பார். மாடத்தி இல்லையென்றால்? செண்பகவடிவு ஆவுடையாளிடம் படுத்திருப்பாள். அவள் அமுக்கியதில் உறை அன்றைக்கே கிழிந்திருக்கும். ஆகவே பெயர் மாடத்தியுடையது. செண்பகவடிவு குனிந்து பிள்ளையின் காதில் சொல்லத் தொடங்கினாள். இரண்டாவது முறையில் மாடத்திக்கு விஷயம் புரிந்துவிட்டது. "ஏ தாயி, வேண்டாம், பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுவாவ!" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். வந்து சேர்வதற்குள் மூன்றாவது முறையும் சொல்லி முடித்தாயிற்று.