செவலைக்கு வந்த போன்

ஜவுளிக்கடையிலிருந்து வாடிக்கையாளர் போன் நம்பரெல்லாம் வெளியே போய், மோசடிக்காரன் பேச்சில் பாதித் தெரு ஏமாந்தது. பால்காரி பேச்சிக்கிளி நுகர்வோர் கோர்ட்டுக்கே போய்விட்டாள்.

"எங்க கடையிலேர்ந்துதான் போச்சுன்னு நிரூபி, பார்ப்போம்!" என்று விசாரணையில் கடை முதலாளி தெய்வநாயகம் எகிறினார்.

"பொறுங்க, தினம் இந்நேரத்துக்கு ஒரு போன் வரும்," என்றாள் பேச்சிக்கிளி.

சொல்லி வாய் மூடவில்லை, அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"செவலை மேடம், லோன் வேணுமா?"

"யாரும்மா செவலை?" என்றார் நீதிபதி.

"எங்க பசுங்கய்யா. இவுக கடையில சேலைக்குப் பில் போட பேரும் நம்பரும் கேட்டாக, எதுக்குன்னு உறுத்துச்சு. அதான் என் பேரைச் சொல்லாம அது பேரைச் சொன்னேன். வேற எங்கயும் சொன்னதில்ல."

அபராதம் விழுந்தது. முதலாளி அலட்சியமாக எழுந்தார்.

பேச்சிக்கிளி விடவில்லை. "பாதிக்கப்பட்ட எல்லாருக்கும் இவுகளே போன் பண்ணி மன்னிப்புக் கேக்கணும்யா. சொந்த நம்பர்லேர்ந்து."

நீதிபதி தலையசைத்தார்.

முதலாளி அலறினார்: "ஐயோ, என் நம்பர் ஊருக்கெல்லாம் தெரிஞ்சிடுமே!"