ஏற்றாத குத்துவிளக்கு

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு ஊரே வந்திருந்தது; பேசத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை. சுற்றிலும் போலீஸ். போன தடவை எதிர்த்துப் பேசினவர்கள் இன்னும் கோர்ட்டுக்கு அலைகிறார்கள்.

"பழைய எண்ணெய்க் குழாய் கசியவே கசியாது. பக்கத்திலேயே இன்னொன்னு பதிக்கப் போறோம். இதுல என்ன பயம்?" என்று மைக்கில் அதட்டிய அதிகாரி, மேடையைக் கூட்டிக்கொண்டிருந்த செங்கமலத்தைக் கூப்பிட்டார். "குத்துவிளக்கை ஏத்தும்மா."

தீக்குச்சியை உரசப் போனவள் நிறுத்திக் கேட்டாள்: "ஐயா, அந்தக் குழாய் இந்த மேடைக்குக் கீழதான் போகுது. கொளுத்தட்டுங்களா?"

"ஐயோ, வேணாம்!"

அலறல் மைக்கில் ஊருக்கே கேட்டது. விளக்குக்காகக் கழற்றிய செருப்பைக்கூட மாட்டாமல் அதிகாரி கீழே குதித்தார்.

"அறிவிருக்கா? இங்கயா மேடை போடுவீங்க?"

"எங்க வீட்டு அடுப்பும் அதுக்கு மேலதாங்க ஐயா எரியுது" என்றாள் செங்கமலம்.