மலைக்கு ஒரு பூட்ஸ்

ஐம்பது வயதைத் தாண்டிய துரைக்கண்ணுவுக்கு பைக் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள் பரிமளா. அவளுக்கு அவர் மகளாக இருக்கும் வயதுதான். ஆனாலும் குரு என்று ஏற்றுக்கொண்ட பிறகு வயதைப் பார்க்கக்கூடாது என்பது அவர் கட்சி. வாய் நிறைய டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

ஆசைப்பட்டு அவர் கற்கவில்லை. போன வருஷம் கொல்லிமலையில் ஒரு வளைவில் அவருடைய ஒரே மகன் கவின் வண்டியோடு பள்ளத்தில் விழுந்து இறந்துபோனான். அந்த வண்டியைச் சரிசெய்து, அதிலேயே போய், அவன் விழுந்த இடத்தில் ஒரு விளக்கு வைக்க வேண்டும். வேறு எந்த எண்ணமும் அவருக்கு இல்லை.

சரிசெய்த அந்த வண்டியிலேயே இரண்டு மூன்று முறை மலை ஏறிவிட்டார். ஒவ்வொரு முறையும் அந்த வளைவில் வண்டியை நிறுத்தாமலே திரும்பி வந்தார்.

"செருப்பைப் போட்டுட்டு அந்தப் பள்ளத்துல எப்படீங்க டீச்சர் இறங்கறது? நல்ல பூட்ஸா நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

பரிமளா மறுபேச்சில்லாமல் அவரைச் சேலத்தில் ஒரு கடைக்கு அழைத்துப் போனாள்.

துரைக்கண்ணு நேராகப் போய் முழங்கால்வரை ஏறும் ஒரு ஜோடியை எடுத்தார். கணைக்காலுக்குக் கெட்டியான தகடு, கணுக்காலை அசையவிடாத பட்டை. போட்டதும் முகத்தில் ஒரு தெம்பு வந்தது.

"இதுல ஒரு அடியும் படாதுங்க டீச்சர்."

"படாதுங்கண்ணா. கொஞ்சம் நடங்க."

விறைத்துக்கொண்டு நடந்தார்.

"படி இறங்குங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினார். எரிச்சல் வந்துவிட்டது.

"நடக்கறதுக்கு என்னங்க, வண்டியிலதான போகப்போறேன்."

பள்ளத்தில் இறங்கத்தான் பூட்ஸ் கேட்டோம் என்பது மனுஷனுக்கே மறந்துபோயிருந்தது. பரிமளா அதைச் சொல்லிக்காட்டவில்லை. வேறொரு ஜோடியை எடுத்து வைத்தாள். கணுக்காலை மூடி அதற்குச் சற்று மேலே நின்றது. அடிப்பாகம் பிடிப்பாக இருந்தும் நன்றாக வளைந்தது. வண்டியின் கியர் மிதி படும் இடத்தில் மட்டும் ஒரு துண்டு ரப்பர்.

போட்டு நடந்தார். படி இறங்கி ஏறினார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

"இப்பக் குத்த வச்சு உட்காருங்கண்ணா."

"கடையிலயா?"

"ம்."

உட்கார்ந்தார். கால் தடையில்லாமல் மடங்கியது. விளக்கு வைக்கிறவனைப் போல அவருடைய வலது கை தானாகத் தரைக்குப் போனது. அந்தக் கையையே பார்த்தார்.

"டீச்சர்," என்றார் தலை நிமிராமல். "பூட்ஸ் இல்லாததால ஒண்ணும் நான் திரும்பி வரலீங்க."

"தெரியுங்கண்ணா."

"இதைப் போட்டுட்டுப் போனாப் பயம் போயிருமா?"

"போகாதுங்க," என்றாள் பரிமளா. "ஆனா பள்ளத்துல இறங்கி, கவின் பக்கத்துல உட்கார்ந்து அழலாம்."